அம்மாவின் மூக்கும் பன்னிரண்டாம் நம்பர் குரோமோசோமும்

"இந்த நோய்க்கு ஜீன் கண்டுபிடித்துவிட்டார்கள், அந்த நோய்க்கு ஜீன் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று பேப்பரில் அடிக்கடி போடுகிறார்களே, அதனால் அடுப்படியில் நிற்கிற நமக்கு என்ன லாபம்?" என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருக்கிறார். நியாயமான கேள்விதான். ஜீன் என்றாலே ஏதோ கண்ணாடிக் குழாயும் வெள்ளைக் கோட்டும் சம்பந்தப்பட்ட சமாசாரம், நமக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று நாம் நினைத்துக் கொள்கிறோம். ஆனால் விஞ்ஞானிகள் மிக நன்றாக அறிந்து வைத்திருக்கும் ஜீன்களில் ஒன்று, முதன்முதலில் ஒரு தாயின் மூக்கில்தான் பிடிபட்டது. அந்தக் கதையைச் சொல்கிறேன். லாபம் என்ன என்பது கதையிலேயே வந்துவிடும்.

பச்சை நிறம் சொன்ன சேதி

நார்வே நாட்டில் போர்க்னி எகெலாண்ட் என்று ஒரு பெண்மணி. லிவ் என்று ஒரு பெண், டாக் என்று ஒரு பிள்ளை. இரண்டும் பிறந்தபோது மற்றக் குழந்தைகளைப் போல நன்றாகத்தான் இருந்தன. மாதங்கள் போகப் போகத்தான் மூளை வளர்ச்சி பின்தங்குவது தெரிந்தது. அதோடு, இரண்டு குழந்தைகளின் சிறுநீரிலும் விநோதமான ஒரு பூஞ்சை வாடை. டாக்டர் டாக்டராக ஏறி இறங்கினாள் அந்தத் தாய். வாடையைப் பற்றிச் சொன்னால் யாருக்கும் விளக்கம் சொல்லத் தெரியவில்லை. ஆனாலும் அவள் கேட்பதை விடவில்லை.

1934-ல் ஆஸ்லோவில் இருந்த டாக்டர் ஆஸ்பியோர்ன் ஃபெல்லிங்கிடம் விஷயம் போனது. அவர் வைத்தியர் மட்டுமல்ல, ரசாயனமும் படித்தவர். சிறுநீரில் பெரிக் குளோரைடு சொட்டுக்களை விட்டுப் பார்த்தார். அந்தப் பரிசோதனையில் அவர் எதிர்பார்க்காத ஆழ்ந்த பச்சை நிறம் வந்தது. மருந்து மாயமாக இருக்குமோ என்று எல்லா மருந்தையும் நிறுத்தச் சொல்லி மறுபடி பார்த்தார். மறுபடியும் பச்சை. அந்தத் தாய் லிட்டர் லிட்டராகக் குழந்தைகளின் சிறுநீரைச் சுமந்து கொண்டுவந்து கொடுக்க, அதிலிருந்து ஃபினைல் பைருவிக் அமிலம் என்ற பொருளை அவர் பிரித்தெடுத்தார். பிறகு மூளை வளர்ச்சி குன்றியவர்களுக்கான விடுதிகளில் 430 பேரைச் சோதித்ததில் இன்னும் எட்டுப் பேருக்கு அதே பச்சை நிறம் வந்தது. இன்று பி.கே.யு. என்று டாக்டர்கள் சுருக்கமாகச் சொல்லும் ஃபினைல் கீட்டோன் யூரியா உலகத்துக்குத் தெரிந்தது இப்படித்தான்.

நோபல் பரிசு வாங்கிய அமெரிக்க எழுத்தாளர் பேர்ல் பக்கின் மகள் கரோலுக்கும் இதே நோய்தான். 1920-ல் பிறந்த அந்தப் பெண்ணுக்கு என்ன கோளாறு என்று அப்போது சொல்ல ஆளில்லை. பேரும் புகழும் உள்ள வீட்டுக்கும் இது வரும்.

கல்லீரலில் ஒரு வேலைக்காரன்

நாம் சாப்பிடும் பருப்பு, பால், முட்டை, மீன், ஏன், அரிசியில்கூடப் புரோட்டீன் இருக்கிறது. அந்தப் புரோட்டீனில் பினைல் அலனின் என்று ஒரு அமினோ அமிலம் உண்டு. அது உடம்புக்கு வேண்டியதுதான். வேண்டிய அளவு போக மீதியை டைரோஸின் என்ற வேறொரு அமினோ அமிலமாக மாற்றிவிடக் கல்லீரலில் ஒரு என்ஸைம் இருக்கிறது. அதன் பெயர் பினைல் அலனின் ஹைட்ராக்ஸிலேஸ். பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள். 'கல்லீரல் வேலைக்காரன்' என்றே வைத்துக் கொள்வோம்.

இவன் வேலைக்கு வரவில்லை என்றால் பினைல் அலனின் ரத்தத்தில் சேர்ந்துகொண்டே போய், வளரும் மூளையைக் கெடுத்துவிடும். வயிற்றில் இருக்கும்வரை தாயின் உடம்பு அதையும் சேர்த்துக் கழித்துவிடுவதால் பிறக்கும்போது குழந்தையிடம் ஒன்றும் தெரியாது. பால் குடிக்க ஆரம்பித்த பிறகுதான் வினை. தலைமுடிக்கும் தோலுக்கும் நிறம் கொடுக்கும் பொருள் டைரோஸினிலிருந்துதான் வருகிறது. அதனால் இந்தக் குழந்தைகள் குடும்பத்தில் மற்றவர்களைவிடச் சற்று வெளுத்த நிறமாகவும், செம்பட்டை முடியாகவும் இருப்பதுண்டு. "கொழந்தை நல்ல செவப்பா பொறந்திருக்கு" என்று கொண்டாடுவதோடு நிறுத்தாமல், அது நேரத்துக்குத் தலை நிற்கிறதா, முகம் பார்த்துச் சிரிக்கிறதா என்றும் கவனிக்க வேண்டும்.

வாசலில் காத்திருந்த இன்னொரு தாய்

நோயைக் கண்டுபிடித்தாயிற்று, வைத்தியம்? 1951-ல் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் ஷீலா என்ற பதினேழு மாதக் குழந்தைக்குப் பி.கே.யு. என்று கண்டார் டாக்டர் ஹார்ஸ்ட் பிக்கல். "நோய் என்ன என்று கண்டுபிடித்தீர்களே, மருந்து எங்கே?" என்று அந்தக் குழந்தையின் தாய் தினமும் காலையில் வந்து அவரைக் கேட்டுக் கொண்டே இருந்தாள். அவள் தொந்தரவு தாங்காமல்தான், பினைல் அலனினை நீக்கிய ஓர் ஆகாரத்தைத் தயாரிக்க முனைந்ததாகப் பிற்காலத்தில் பிக்கலே சொன்னார். ஈவ்லின் ஹிக்மன்ஸ் என்ற பெண் ரசாயன நிபுணரும், டாக்டர் ஜான் ஜெரார்டும் உடன் உழைத்தார்கள்.

நிற்கவும் முடியாமல், ஓயாமல் அழுதுகொண்டு, தலையை முட்டிக்கொண்டு இருந்த குழந்தை, சில மாதங்களில் தவழ்ந்தது, பிடித்துக்கொண்டு நின்றது, கண்ணில் களை வந்தது. இது ஆகாரத்தின் பலன்தானா என்று நிச்சயப்படுத்த, தாய்க்குச் சொல்லாமல் அந்த ஆகாரத்தில் பினைல் அலனினைத் திரும்பக் கலந்து பார்த்தார்கள். ஒரே நாளில் குழந்தை பழையபடி ஆகிவிட்டதை அந்தத் தாய் கண்டுபிடித்துவிட்டாள். பெற்றவளுக்குத் தெரியாமல் அப்படிச் செய்தது எனக்குச் சம்மதமில்லை. இன்று எந்த ஆஸ்பத்திரியிலும் அப்படிச் செய்ய அனுமதி கிடையாது. ஆனால் ஆகாரம்தான் மருந்து என்பது அதோடு ருசுவாகிவிட்டது. 1953-ல் அவர்கள் இதை வெளியிட்டார்கள்.

ஆனால் ஆகாரத்தை முதல் சில வாரங்களிலேயே ஆரம்பித்தால்தான் மூளையை முழுக்கக் காப்பாற்ற முடியும். வாடை தெரிகிறவரை காத்திருந்தால் காலம் தாழ்ந்துவிடும். அதற்கு வழி செய்தவர் அமெரிக்காவின் ராபர்ட் கத்ரி. அவருடைய மகனே மூளை வளர்ச்சி குன்றியவன். மைத்துனியின் பெண்ணுக்குப் பி.கே.யு. பிறந்த குழந்தையின் குதிகாலில் சிறு குத்து, வடிகட்டும் காகிதத்தில் சில ரத்தப் பொட்டுக்கள், அவ்வளவுதான். பினைல் அலனின் அதிகம் இருக்கும் பொட்டைச் சுற்றி மட்டும் ஒருவகை பாக்டீரியா வளரும்படி அவர் செய்தார், சர்க்கரை சிந்திய இடத்தைச் சுற்றி எறும்பு மொய்ப்பது போல. 1963-ல் வெளியான இந்த முறையை அமெரிக்காவும் ஐரோப்பாவும் எடுத்துக்கொண்டன. இன்று பல இடங்களில் பாக்டீரியாவுக்குப் பதில் நவீன யந்திரம் வந்துவிட்டது. குதிகால் பொட்டு மட்டும் மாறவில்லை.

அளவு ஜாக்கெட் கொடுத்துத் தேடினார்கள்

நோய் தெரிந்து, வைத்தியமும் தெரிந்து, பரிசோதனையும் வந்த பிறகுதான் ஜீனைத் தேடிப் போனார்கள். அது ஏன் என்று கேட்பீர்கள். என்ஸைம் என்பது வேலைக்காரன் என்றால், ஜீன் அவனை உண்டாக்கும் குறிப்பு. சமையல் குறிப்பு தப்பாக இருந்தால் பண்டம் தப்பாகத்தான் வரும். எந்த வரியில் தப்பு என்று தெரிந்தால்தானே குடும்பத்தில் வேறு யாரிடம் அந்தத் தப்பு மறைந்திருக்கிறது என்று சொல்ல முடியும்?

நம் உடம்பின் குறிப்புப் புஸ்தகத்தில் சுமார் முந்நூறு கோடி எழுத்துக்கள். அதில் ஒரே ஒரு குறிப்பைத் தேடுவது எப்படி? அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரின் பேய்லர் மருத்துவக் கல்லூரியில் ஸேவியோ வூ என்பவரின் குழுவினர் எலியில் ஆரம்பித்தார்கள். எலியின் கல்லீரலில் இந்த என்ஸைம் நிறைய உண்டு. அதைத் தயார் செய்யும் குறிப்பின் நகலை எலியிடமிருந்து 1982-ல் பிரித்தெடுத்தார்கள். தையற்காரரிடம் புது ஜாக்கெட் தைக்க நாம் அளவு ஜாக்கெட் கொடுக்கிறோமில்லையா? அதுபோல எலியின் நகலை 'அளவு'க்கு வைத்து, மனிதரிடம் அதற்குப் பொருந்துவது எது என்று தேடினார்கள். எலியும் மனிதனும் பாலூட்டிகள்தானே, குறிப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. 1983-ல் மனித ஜீன் கையில் அகப்பட்டது.

ஃபியூஸைப் பிடுங்கிப் பார்ப்பது போல

கையில் கிடைத்த ஜீனுக்கு விலாசம் வேண்டாமா? நம் ஒவ்வொருவரிடமும் 23 ஜோடிக் குரோமோசோம்கள். இதில் எதில் அது குடியிருக்கிறது?

வீட்டு மெயின் போர்டில் எந்த ஃபியூஸ் எந்த அறைக்கு என்று தெரியாவிட்டால் என்ன செய்வோம்? ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்போம். சமையலறை விளக்கு எப்போது அணைகிறதோ அதுதான் அந்த ஃபியூஸ். விஞ்ஞானிகள் செய்ததும் ஏறக்குறைய இதுதான். மனித அணுவையும் சுண்டெலியைப் போன்ற பிராணியின் அணுவையும் ஒன்றாக இணைத்தால், அந்தக் கலப்பு அணு பெருகப் பெருக மனிதக் குரோமோசோம்களை ஒவ்வொன்றாக உதறிவிடும். ஒரு கூட்டத்தில் சில மிஞ்சும், இன்னொன்றில் வேறு சில மிஞ்சும். எந்தக் கூட்டத்தில் நம் ஜீன் இருக்கிறது, எதில் இல்லை என்று வரிசையாகப் பார்த்தார்கள். பன்னிரண்டாம் நம்பர் குரோமோசோம் இருந்த இடத்தில் ஜீனும் இருந்தது, அது இல்லாத இடத்தில் ஜீனும் இல்லை. 1984-ல் இது வெளிவந்தது. மறு வருஷமே, அந்தக் குரோமோசோமின் நீளமான கையில், நுனிக்குக் கொஞ்சம் முன்னால் என்று தெருப்பெயரும் சொல்லிவிட்டார்கள். 1986-ல் முதல் பிழையும் அகப்பட்டது. ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது! காலம் காலமாக "அதன் தலையெழுத்து" என்று சொல்லி ஒதுக்கப்பட்ட குழந்தைக்கு இருந்தது வெறும் எழுத்துப் பிழை. இன்று இந்த ஒரு ஜீனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாறுதல்களைக் குறித்து வைத்திருக்கிறார்கள்.

ஒரே வயிற்றுப் பிள்ளைகள்

குறிப்பை எழுத்துக் கூட்டிப் படித்தபோது இன்னொரு ஆச்சரியம். டைரோஸினை வைத்து மூளைக்கு வேண்டிய டோபமைன் உண்டாகிறது. அதற்கு வழி செய்யும் என்ஸைமின் குறிப்பும் இதுவும் அண்ணன் தம்பி மூக்கு மாதிரி ஒரே ஜாடை. டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலத்திலிருந்து ஸெரடோனின் உண்டாக வழி செய்யும் மூன்றாவது என்ஸைமும் அதே ஜாடைதான் என்று 1987-ல் தெரிந்தது. மனிதரில் மற்ற இரண்டும் பதினோராம் குரோமோசோமில் இருந்தன. ஆதியில் ஒரே ஜீனாக இருந்து, நகலாகப் பிரிந்து, பாகப் பிரிவினையான சகோதரர்கள் போல ஆளுக்கோர் ஊரில் குடியேறியவை இவை. சுண்டெலியிலும் அப்படியே. நம் ஜீன் பத்தாம் குரோமோசோமில், மற்ற இரண்டும் ஏழாவதில்.

இந்தக் குடும்பத்தில் நாலாவது பிள்ளை ஒன்றும் உண்டு. 2003-ல் பெர்லின் நகர விஞ்ஞானிகள் சுண்டெலியில் ஸெரடோனின் ஜீனை நீக்கிப் பார்த்தார்கள். குடலில் ஸெரடோனின் அநேகமாக மறைந்துவிட்டது. மூளையில் மட்டும் அப்படியே இருந்தது! அப்படியானால் மூளைக்குச் சமைப்பவர் வேறு யாரோ என்று தேடினார்கள். கிடைத்த ஜீன் மனிதரில் நம் கல்லீரல் ஜீன் குடியிருக்கும் அதே பன்னிரண்டாம் குரோமோசோமில் இருந்தது.

"உறவுமுறை பாத்து என்ன ஆகப் போவுது?" என்று கேட்காதீர்கள். இந்தச் சகோதரர்கள் எல்லாருக்கும் ஒரே கையாள்தான். அவன் பெயரின் சுருக்கம் பி.எச்.4. கையாள் இல்லாவிட்டால் அண்ணனும் வேலை செய்யமாட்டான், தம்பிகளும் செய்யமாட்டார்கள். 1970-களிலேயே டாக்டர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். சில குழந்தைகளுக்கு ஆகாரம் சரியாகக் கொடுத்தும் மூளை தேறவில்லை. அவர்களுக்குக் கோளாறு கல்லீரல் வேலைக்காரனிடம் இல்லை, கையாளிடம். பினைல் அலனினைக் குறைத்தால் மட்டும் போதாது, மூளையில் டோபமைனும் ஸெரடோனினும் சேர்ந்தே குறைந்திருக்கின்றன. அவற்றுக்கும் மருந்து கொடுத்தாக வேண்டும். அதனால்தான் குதிகால் பரிசோதனையில் அளவு கூடுதலாக வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் இந்தக் கையாளைப் பற்றியும் சோதிக்கிறார்கள். மறுபக்கம், ஜீனில் சிலவகைப் பிழை உள்ளவர்களுக்கு இந்தக் கையாளையே மாத்திரையாகக் கொடுத்தால் சோர்ந்த வேலைக்காரன் கொஞ்சம் சுறுசுறுப்பாகிறான். 2007-ல் அமெரிக்காவில் அந்த மருந்துக்கு அனுமதி கிடைத்தது.

குற்றம் யாருடையது?

இப்போது எனக்கு மிக முக்கியமாகப் படுவதைச் சொல்கிறேன். குழந்தை மந்தமாக இருந்தால் நம் வீடுகளில் முதல் பழி பெற்றவளுக்குத்தான். "கிரகணத்தப்ப வெளியே போனா", "அவ வயித்து வாகு அப்படி", "எங்க வம்சத்துல இப்படி ஒருத்தரும் கிடையாதே!"

ஜீனுக்கு விலாசம் கண்டுபிடித்தது இந்தப் பேச்சுக்கு முற்றுப்புள்ளி வைத்திருக்கிறது. நம் ஒவ்வொருவரிடமும் அந்தக் குறிப்பு இரண்டு பிரதி இருக்கிறது, அம்மா கொடுத்தது ஒன்று, அப்பா கொடுத்தது ஒன்று. ஒன்று பிழையானாலும் மற்றொன்று வேலையைச் சமாளித்துவிடும். அந்த ஆளுக்கு ஒரு குறையும் இராது. இரண்டு பக்கத்திலிருந்தும் பிழையான பிரதியே வந்தால்தான் நோய். அதாவது, தாயும் தகப்பனும் சரிபாதி. வம்சத்தில் யாருக்கும் இல்லை என்பதும் அத்தாட்சி ஆகாது. பிழை தலைமுறை தலைமுறையாக ஓசைப்படாமல் வரும்.

இருவரிடமும் பிழை இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நோய்க்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. "மொதல் குழந்தைக்கு வந்தாச்சு, இனி மூணு குழந்தைக்கு வராது" என்று கணக்குப் போடக் கூடாது. ஒவ்வொரு தடவையும் சீட்டைப் புதிதாகக் குலுக்குவது போலத்தான். ஜீனின் பிழை தெரிந்த குடும்பத்தில், அடுத்த குழந்தை கருவில் இருக்கும்போதே பார்த்துச் சொல்ல முடியும்.

சொந்தத்தில் சம்பந்தம் செய்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அத்தை பிள்ளை, மாமா பெண் என்றால் ஜீன்களில் சராசரியாக எட்டில் ஒரு பங்கு பொது. தாய்மாமனும் அக்காள் மகளும் என்றால் நாலில் ஒரு பங்கு. ஒரே பாட்டனாரின் பிழை இருவரிடமும் வந்திருக்க வாய்ப்பு கூடுகிறது. சொந்தத்தில் செய்த எல்லாருக்கும் குறையுள்ள குழந்தை பிறக்கும் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலோருக்கு நல்ல குழந்தைகள்தான். ஆனால் குடும்பத்தில் ஒரு குழந்தைக்கு இப்படி ஒரு நோய் இருந்தால், அடுத்த சம்பந்தம் பேசுவதற்கு முன் மரபணு ஆலோசனை சொல்லும் டாக்டரைப் பார்ப்பது நல்லது.

நாம் செய்ய வேண்டியது

பி.கே.யு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஏறக்குறைய பதினாயிரம் பிறப்புக்கு ஒன்று. நம் நாட்டில் அபூர்வம்தான். ஆனால் அதே ரத்தப் பொட்டில் பிறவித் தைராய்டு குறையையும் பார்க்கலாம். அது நம்மிடம் மிக அதிகம், கண்டுபிடித்தால் மலிவான மாத்திரையில் சரியாகும், விட்டால் மூளையைக் கெடுக்கும். ஆகவே:

1. எல்லாப் பிரசவ ஆஸ்பத்திரியிலும் குதிகால் பரிசோதனை தானாக நடப்பதில்லை. பிரசவத்துக்கு முன்பே, "இங்கே செய்வீர்களா? எந்தெந்த நோய்க்கு?" என்று கேட்டுக் கொள்ளுங்கள். குழந்தை பால் குடிக்க ஆரம்பித்து இரண்டு மூன்று நாளில் செய்வது உத்தமம். "பச்சைப் புள்ளையக் குத்துவாங்களா!" என்று பாட்டி தடுத்தால் விஷயத்தை விளக்குங்கள்.

2. "சந்தேகம், மறுபடி ரத்தம் வேண்டும்" என்று ஆஸ்பத்திரியிலிருந்து சொன்னால் அன்றைக்கே போங்கள். மறுபடி கூப்பிடுவதாலேயே நோய் என்று அர்த்தமில்லை. ஆனால் தாமதிக்கவும் கூடாது.

3. நோய் உறுதியானால் ஆகாரத்தை நீங்களாக மாற்றாதீர்கள். தாய்ப்பாலை அறவே நிறுத்த வேண்டும் என்றுகூட இல்லை. பினைல் அலனின் நீக்கிய விசேஷ மாவுடன் அளவாகத் தாய்ப்பாலும் கொடுப்பதுண்டு. அளவை ரத்தப் பரிசோதனை பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

4. சர்க்கரைக்குப் பதில் அஸ்பார்டேம் சேர்த்த பானம், மிட்டாய், மாத்திரையின் டப்பாவில் பி.கே.யு. உள்ளவர்களுக்கு எச்சரிக்கை போட்டிருப்பார்கள். அதில் பினைல் அலனின் இருப்பதுதான் காரணம். மற்றவர்கள் அந்த எச்சரிக்கையைப் பார்த்துக் கலவரப்பட வேண்டாம்.

5. சின்ன வயதில் வைத்தியம் பெற்று நன்றாக வளர்ந்த பெண்ணுக்கு இது மிக மிக அவசியம். கல்யாணமாகிக் குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே, கருத்தரிப்பதற்கு முன்பே, பழைய ஆகாரக் கட்டுப்பாட்டுக்குத் திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் தாயின் ரத்தத்தில் கூடும் பினைல் அலனின், நோயே இல்லாத சிசுவின் மூளையையும் இருதயத்தையும் பாதிக்கும். இதை மாமியார் வீட்டில் மறைக்க வேண்டிய அவசியமே இல்லை. பத்தியம் இருப்பவளுக்கு வீடே ஒத்தாசை செய்ய வேண்டும்.

கடைசியாக டாக்டர்களுக்கும் ஒரு விண்ணப்பம். "எம் புள்ளை கிட்ட என்னமோ ஒரு வாடை வருதுங்க" என்று ஒரு கிராமத்துத் தாய் வந்து சொன்னால், "அதெல்லாம் ஒண்ணுமில்லே, போம்மா" என்று அனுப்பிவிடாதீர்கள். சகோதரிகளே, நீங்களும் அதோடு திரும்பிவிடாதீர்கள். இன்னொரு தடவை கேளுங்கள்.

பிறவித் தைராய்டு குறையைப் பற்றி அடுத்த இதழில் விரிவாக எழுதுகிறேன்.